பழைய பிக்கப்பின் ஸ்ரேரிங்: பிளே எங்கே ஒளிந்திருக்கிறது?

காப்பெற் போட்ட ஏ9 வீதியில் பழைய பிக்கப்பின் குறை பெரிதாகத் தெரியாது. மாங்குளத்தில் முல்லைத்தீவுப் பக்கம் திரும்பி, ஒட்டுசுட்டான் தாண்டி, உள்ளே ஒரு கிரவல் பாதையில் இறங்கிப் பாருங்கள். ஸ்ரேரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்புவீர்கள், வாகனம் கேட்காது. இன்னும் கொஞ்சம், அப்போதும் கேட்காது. பிறகு திடீரென்று கேட்கும், தேவைக்கு மேலாகவே. ஸ்ரேரிங் திரும்பியும் சில்லு திரும்பாத இந்த வெற்று ஆட்டத்தைத்தான் பிளே என்பார்கள். உடனே வலப்பக்கம் இழுப்பீர்கள். இப்படி இழுத்து இழுத்துத்தான் வன்னியில் பல பிக்கப்புகள் நேராக ஓடிக்கொண்டிருக்கின்றன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 தொடக்கத்தில்தான். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் முப்பது வயதுப் பிக்கப்புக்கும் புதுமாப்பிள்ளை மவுசு வந்துவிட்டது. நெல் மூட்டை, உரம், மீன் பெட்டி எல்லாம் அதில்தான். எஞ்சினைப் பார்க்கிற கண்ணால் முன்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை.

கையில் தொடங்கும் அசைவு சில்லுக்குப் போய்ச் சேர்வதற்குள் பல கை மாறுகிறது. ஸ்ரேரிங் தண்டு, அதன் மூட்டு, ஸ்ரேரிங் பொக்ஸ், பொக்ஸுக்குக் கீழே தொங்கும் பிற்மன் ஆர்ம், அங்கிருந்து போகும் ரொட்டுகள், ரொட்டுகளின் நுனியில் உள்ள உருண்டை மூட்டுகளான போல் ஜொயின்ற்கள், கடைசியாகச் சில்லைத் தாங்கும் நக்கிள். ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை அளவு தேய்ந்தால் போதும். எல்லாத் தேய்மானமும் கூடி ஸ்ரேரிங்கில் ஒரு விரற்கடை பிளேயாக வந்து நிற்கும். அதனால் குற்றவாளி ஒருவன் என்று நினைத்துத் தேடினால் அநேகமாக ஏமாறுவோம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஸ்ரேரிங்கின் விளிம்பில் 30 மில்லிமீற்றர் பிளே என்பது பல பழைய பிக்கப்புகளுக்குச் சொல்லப்படும் எல்லை. 40 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள ஸ்ரேரிங்கில் அது எட்டரைப் பாகை. இந்த வகைப் பொக்ஸ் ஏறத்தாழ இருபது பாகையை ஒரு பாகையாகச் சுருக்கித்தான் சில்லுக்கு அனுப்பும். அப்படியானால் சில்லில் அரைப் பாகைகூட இல்லை. இதற்கென்ன என்று தோன்றும். ஆனால் மணிக்கு 60 கிலோமீற்றரில் ஒரு விநாடிக்கு 16 மீற்றருக்கு மேல் போகிறோம். அந்த அரைப் பாகை முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்தால் முதல் விநாடி முடிவில் வாகனம் ஓர் அடிக்கு மேல் விலகியிருக்கும். விலகல் நேரத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால், இரண்டாவது விநாடி முடிவில் அது கிட்டத்தட்ட ஐந்து அடி. எதிரே பஸ் வருகிற ஒடுங்கிய வீதியில் ஐந்து அடி எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை.

சரி, பிளே எங்கே? என் பிக்கப்பை ஒருமுறை ஒரு கராஜில் காட்டியபோது ஸ்ரேரிங் பொக்ஸ் போய்விட்டது என்றார்கள். காசைக் கொடுத்து மாற்றினேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே பழைய ஆட்டம் திரும்ப வந்துவிட்டது. அடுத்த நாள் மருமகனை டிரைவர் சீற்றில் இருத்தி, சில்லுகள் நிலத்தில் நிற்க, எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஸ்ரேரிங்கைக் கையகலத்துக்கு மட்டும் இடமும் வலமும் ஆட்டச் சொன்னேன். பொனட்டைத் திறந்து பார்த்தால், பொக்ஸுக்கு நேரெதிர்ப் பக்கத்தில், ரொட்டின் மறுமுனையைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம் மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்தது. உள்ளே அதன் அச்சைப் பிடித்திருக்கும் வளையமான புஷ் பொடியாகப் போயிருந்தது. “மாமா, இன்னும் ஆட்டவோ?” என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பார்க்கவேண்டியதைப் பார்த்தாயிற்று.

இந்தச் சோதனையின் சூட்சுமம் சில்லு நிலத்தில் நிற்பதுதான். ரயரை நிலம் பிடித்துக்கொள்வதால் ஒவ்வொரு மூட்டுக்கும் உண்மையான பாரம் ஏறுகிறது. தேய்ந்த மூட்டு தன்னைக் காட்டிக்கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாததை விரல் கண்டுபிடிக்கும். மூட்டின் இரண்டு பாகங்களையும் சேர்த்து விரல்களால் தொட்டுப் பாருங்கள். ஒன்று அசைந்த பிறகு மற்றது அசைந்தால், இடையில் ஒரு சின்ன ‘டிக்’ கையில் படும். பொக்ஸிலிருந்து தொடங்கி சில்லு வரை ஒன்றையும் விடாமல் தொட்டுக்கொண்டே போகவேண்டும். விரல் மட்டும் நசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொக்ஸின் மேலே உள்ள திருகை இறுக்கிப் பிளேயைக் குறைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். குறையும், உண்மைதான். ஆனால் பொக்ஸுக்குள் இருக்கும் பற்கள் நேராக ஓடும் இடத்தில் மட்டும் இறுக்கமாகவும் இரு ஓரங்களிலும் கொஞ்சம் தளர்வாகவும் இருக்கும்படி செய்யப்பட்டவை. அதிகம் தேய்வதும் அந்த நடு இடம்தான். சில்லு நேராக நிற்கும்போது மட்டும், கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கிப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் வளைவில் திருப்பிய ஸ்ரேரிங் தானாகத் திரும்பி வராது. மற்ற மூட்டுகள் எல்லாம் நல்லவை என்று தெரிந்த பிறகே அந்தத் திருகில் கை வையுங்கள்.

அடுத்தது ஜக்கடித்துப் பார்ப்பது. மாரி முடிந்த வன்னி மண்ணில் ஜக் கோழிக்கால் போலப் புதையும். கீழே தடித்த பலகை போடவேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கக் கூடாது, வாகனத்தைத் தாங்க ஸ்ரான்ட் வையுங்கள். சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆடுகிறது என்றால் அது சில்லுப் பெயாரிங்காகவும் இருக்கலாம், போல் ஜொயின்ற் அல்லது நக்கிள் திரும்பும் அச்சாணியான கிங் பின்னாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஓர் எளிய வழி: இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி அதே ஆட்டு ஆட்டிப் பாருங்கள். பிரேக் பிடித்தால் சில்லும் நக்கிளும் ஒன்றாகப் பூட்டப்பட்டுவிடும், இடையில் உள்ள பெயாரிங்குக்கு ஆட இடமில்லை. ஆட்டம் நின்றுவிட்டால் பெயாரிங். நிற்காவிட்டால் நக்கிளுக்கு அப்பால்தான் கோளாறு.

1997 வரை வந்த பழைய ஹைலக்ஸ் போர்-வீல்களில் பலவற்றுக்கு முன்பக்கமும் முழு அச்சுத்தான். அவற்றின் நக்கிள் ஒரு பெரிய உருண்டை. உள்ளே கிறீஸ் நிரம்பியிருக்கும். உள் சீல் போனால் அச்சின் பல்லுப்பெட்டியான டிப்பரன்ஷலின் ஒயில் வந்து கிறீஸைக் கரைத்துவிடும். சில்லின் உட்பக்கம் கறுப்பாகக் குழம்பு போல வடிந்திருந்தால் அதுதான் சங்கதி. வாய்க்கால் கடந்து ஓடுகிற வாகனத்தில் கிறீஸ் பால் நிறமாக மாறியிருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. போல் ஜொயின்ற்றின் ரப்பர் உறை கிழிந்தாலும் இதே கதை. செம்மண் தூசி கிறீஸோடு சேர்ந்தால் கிறீஸ் அரப்பொடியாகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு கிறீஸ் அடித்தும் பயனில்லை.

மூட்டுகள் எல்லாம் இறுக்கமாக இருந்தும் வாகனம் நேர் பிடிக்காமல் மிதப்பதுண்டு. காரணத்தை ஒரு சைக்கிளில் பார்க்கலாம். அதன் முன் போர்க் நேராக நிற்காமல் பின்னே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக் கோட்டை நிலம் வரை நீட்டினால், ரயர் நிலத்தைத் தொடும் இடம் கோட்டுக்குப் பின்னால் வரும். பின்னால் இழுபடும் சில்லு தானாக நேராகும். கையை விட்டும் சைக்கிள் ஓடலாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிக்கப்பிலும் அதே சாய்வு சில பாகை அளவில் உண்டு, அதற்குக் காஸ்ரர் என்று பெயர். நெல் மூட்டைக்காகப் பின் ஸ்பிரிங்கில் மேலதிகமாக ஒரு தகடு போடுகிறோம் அல்லவா? வெறுமையாக ஓடும்போது பின்பக்கம் தூக்கி, மூக்குத் தாழ்ந்து, காஸ்ரர் குறைந்துவிடும். ‘தகடு போட்ட நாளிலிருந்து ஸ்ரேரிங் சரியில்லை’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் முன்பக்கம் முழுவதும் பேய் பிடித்தது போல நடுங்கினால், தேய்ந்த மூட்டும் சமநிலை தப்பிய ரயரும் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. ஒரு பள்ளம் சில்லைத் தட்டிவிட, காஸ்ரர் அதை நேராக்க இழுக்கும், பிளே இருப்பதால் அது நடுவைத் தாண்டி மறுபக்கம் போகும், திரும்ப இழுபடும். ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவது போல ஒவ்வொரு சுற்றும் நடுக்கத்தை வளர்க்கும். அந்த நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். காலை எடுத்து, ஸ்ரேரிங்கைப் பிடித்தபடி வேகம் குறையவிடுங்கள்.

மூட்டுகளை மாற்றிய பிறகு முன் சில்லுகளின் நேரைப் பார்க்கவேண்டும். அலைன்மென்ற் மெஷினுக்குப் போகும் வரை முற்றத்திலேயே ரேப்பால் அளக்கலாம். சமமான இடத்தில், அச்சின் உயரத்தில், இரண்டு முன் ரயர்களின் பின்பக்கத்திலும் நடுவில் சோக்கால் குறியிட்டு இடைவெளியை அளவுங்கள். வாகனத்தை முன்னே தள்ளி, அதே குறிகள் முன்பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் திரும்ப அளவுங்கள். அதே குறியை அளப்பதால் றிம் நெளிவு கணக்கைக் குழப்பாது. பின் சில்லு இழுக்கும் பிக்கப்பில் முன் அளவு பொதுவாக ஓரிரு மில்லிமீற்றர் குறைவாக இருக்கவேண்டும். ஓடும்போது வீதியின் தடை முன் சில்லுகளைப் பின்னே தள்ளி அந்தக் குறைவை நிரவிவிடும். அளவு பிழைத்தால் ரயரைத் தடவினாலே தெரியும்: ஒரு திசையில் தடவ வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் தடவ வாள்பல் போலவும் இருக்கும்.

நக்கிளைத் திருப்பும் ரொட்டான ரை ரொட்டின் நுனியில் நட்டை இறுக்கும்போது, நட் கழராமல் தடுக்கும் கொட்டர் பின்னுக்கான துளை நேராக வராவிட்டால், இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் துளையைப் பிடிக்கவேண்டும், தளர்த்தியல்ல. பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள். நட் கழன்றால் அந்தப் பக்கச் சில்லு உங்கள் ஸ்ரேரிங்கைக் கேட்கவே கேட்காது.