ஒரே கட்டடம், நாலு படிவம்

வறுமையில் இருப்பவர்களுக்கு உதவும் தொண்டு நிறுவனங்கள் நாலைந்து சேர்ந்து ஒரு கட்டடம் பிடிக்கின்றன. வாசலில் பொதுவாக ஒரு பெயர்ப்பலகை. உள்ளே போனால் உணவுப் பொருளுக்கு ஒரு படிவம், சட்ட உதவிக்கு ஒன்று, வேலைப் பதிவுக்கு ஒன்று, மருத்துவ உதவிக்கு இன்னொன்று. நாலிலும் அதே பிறந்த தேதி, அதே வருமானம், அதே அடையாள அட்டை நகல். இப்படிப்பட்ட மையங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துத்தான் இதை எழுதுகிறேன்.

இடம் சேர்ந்தால் வேலையும் தானாகச் சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கை எங்கிருந்துதான் வருகிறதோ! பக்கத்து அறைக்காரர் யாருக்கு உதவுவார், எந்தெந்த நாளில் மனு வாங்குவார் என்று தெரியாத பணியாளர், "மாடியில் போய்க் கேளுங்கள்" என்றுதான் சொல்வார். மாடியில் இருப்பவர் அன்று விடுப்பு. வந்தவரோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர், மறுபடி வரமாட்டார். அப்படி வராமல் போனவர் யாருடைய பதிவேட்டிலும் இருக்கமாட்டார் என்பதால், எல்லா அமைப்புகளும் தங்கள் பணி ஒழுங்காக நடப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். சேமித்த வாடகையைச் சாதனையாக ஆண்டறிக்கையில் வேறு போட்டுக்கொள்ளும்.

வேலையைச் சேர்க்க ஒரு ஆள் வேண்டும். எல்லா அமைப்புகளும் சேர்ந்து சம்பளம் கொடுக்கும் முதல்நிலைப் பணியாளர் அவர். வருபவரிடம் பதினைந்து, இருபது நிமிடம் உட்கார்ந்து பேசி, ஒரே படிவத்தை நிரப்ப வேண்டும். தகவலை எந்தெந்த அமைப்புக்குக் கொடுக்கலாம் என்று தனித்தனியாகக் கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும். "வேண்டாம்" என்றாலும் உதவி நிற்காது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பெயர், தொடர்பு எண், குடும்ப விவரம், தேவை போன்ற பொது விவரங்கள் மட்டும் பகிர்ந்தால் போதும். வழக்கறிஞரிடமும் மனநல ஆலோசகரிடமும் பேசியவை அவர்களுடைய அலமாரியைத் தாண்டக் கூடாது. பிறகு சீட்டு எழுதிக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். கூடவே நடந்து போய் அடுத்தவரிடம் அறிமுகப்படுத்துங்கள். போன காரியம் முடிந்ததா என்று ஒரு வாரத்துக்குள் கேளுங்கள். எல்லா அமைப்புகளின் பணியாளர்களும் வாரம் அரை மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்தால், நடுவில் விடுபட்டவர்கள் யார் என்று தெரிந்துவிடும்.

இனி சுவர். ஆலோசனை அறைத் தடுப்பைப் பொய்க்கூரையோடு நிறுத்திவிடுகிறார்கள். பேச்சு அதற்கு மேலே ஏறி அடுத்த அறையில் இறங்குகிறது. தடுப்பு பொய்க்கூரையைத் தாண்டி உண்மையான கூரை வரை போக வேண்டும், கதவின் கீழ் இடைவெளியை அடைக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் டோக்கன் எண் சொல்லுங்கள். கதவில் நோயின் பெயரையோ பிரச்சினையின் பெயரையோ எழுதாமல் அறை எண் மட்டும் போடுங்கள். பொது அச்சுப்பொறித் தட்டில் கிடக்கும் தாளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கடவுச்சொல் போட்டால்தான் அச்சாகும்படி அமையுங்கள்.

குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் அமைப்பும் அதே கட்டடத்தில் இருந்தால் தயவுசெய்து இரு மடங்கு கவனம் எடுங்கள். அடித்தவரே வேலை கேட்டு அதே கட்டடத்துக்கு வரலாம். தனி வாசலும் தனிக் காத்திருப்பு அறையும் கிடைக்காத கட்டடமா? அந்தச் சேவையை அங்கே வைக்காதீர்கள்.

பணத்தில் வரும் சண்டை பெரும்பாலும் எல்லா அமைப்புகளும் பயன்படுத்தும் பொது இடத்தால் வருவது. மொத்தம் 3,000 சதுர அடி, பொது இடம் 1,000 என்றால், மீதி 2,000-இல் 500 வைத்திருப்பவர் முழு வாடகையில் 25 சதவீதம் தர வேண்டும். வாரம் இரண்டு நாள் மட்டும் வரும் சிறிய அமைப்புக்கு மணிக்கணக்கே நியாயம். ஒருவர் விலகினால் அவர் பங்கு யார் தலையில் விழும் என்பதையும், எத்தனை மாத முன்னறிவிப்பு என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். குத்தகை ஒரே அமைப்பின் பெயரில் இருந்தால் இது இன்னும் அவசியம்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வாருங்கள். சாய்வுதளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற அளவை விடச் செங்குத்தாக இருக்கிறதா, சக்கர நாற்காலி கழிப்பறைக்குள் திரும்புமா, குழந்தையை எங்கே உட்கார வைப்பது என்று பாருங்கள். எல்லா அமைப்புகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் நாள் வாரத்தில் ஒன்றுகூட இல்லையென்றால், அதைச் சரிசெய்த பிறகு பேனாவை எடுங்கள்.