கைதட்டலும் டியூட்டி லிஸ்ட்டும்

2020 மார்ச் 22 மாலை, கொரோனாவை எதிர்த்து நின்ற மருத்துவப் பணியாளர்களுக்காக நாடே கைதட்டியது. உலக சுகாதார நிறுவனம் செவிலியர், பேறுகாலச் செவிலியர் ஆண்டாக அறிவித்திருந்ததும் அந்த ஆண்டைத்தான். இரண்டே நாளில் ஊரடங்கில் பஸ் நின்றது. கூடலூரில் வீடு, ஊட்டியில் வார்டு என்றிருந்தால் நடுவே சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை. செவிலியரின் வேலைப் பற்று முதலில் அடிவாங்குவது இந்த மாதிரி இடத்தில்தான்.

விரும்பி நிற்பது, கடமையென்று நிற்பது, விட்டால் நஷ்டமென்று நிற்பது என 1991-இல் உளவியலாளர்கள் மேயரும் ஆலனும் வேலைப் பற்றை மூன்றாகப் பிரித்தார்கள். மூன்றாவது மட்டும் மிஞ்சியவரும் டியூட்டிக்கு வருவார். ஆனால் நோயாளியின் மானிட்டரை இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கமாட்டார்.

பிபிஇ கிட் என்ற முழுப் பாதுகாப்பு உடைக்குள் தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பறை போக முடியாது. ஆறு மணி நேரமே அதிகம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுவது நல்லது. ஊட்டிக் குளிரில் இன்னொரு தொல்லை: உள்ளே வியர்த்த உடம்பு கழற்றியதும் நடுங்கும். உடை மாற்றும் அறையில் ஹீட்டரும் வெந்நீரும் சலுகையல்ல. கண்ணாடியில் ஆவி படிந்தால் மூக்குக் கம்பி சரியாக அழுந்தவில்லை, மாஸ்க் கசிகிறது என்று பொருள். கழற்றும் வரிசை: கையுறை, அங்கி, கண்ணாடி, வெளியே வந்தபின் கடைசியாக மாஸ்க். ஒவ்வொன்றுக்கும் இடையில் கை சுத்தம். களைப்பில் இந்த வரிசைதான் தவறும். பக்கத்தில் ஒருவர் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

உடல் களைப்பு ஒரு தூக்கத்தில் தீரும். தவறென்று தெரிந்ததைச் செய்யச் சொல்வது அப்படித் தீராது. 7 கனமீட்டர் ஆக்சிஜன் சிலிண்டர் நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் சுமார் பதினொன்றரை மணி நேரம்தான் வரும். மழையில் பாதை அடைபட்டு அடுத்த லாரி மேலேறாதபோது "மேனேஜ் பண்ணுங்க சிஸ்டர்" என்றால், யாருக்கு அளவைக் குறைப்பது என்ற முடிவு இரவில் தனியாக நிற்பவர் தலையில் விழுகிறது. அந்த முடிவை மருத்துவர் எடுத்து, கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியர்களாக இருக்கிறார்கள். நோயாளி சொந்த ஊர்க்காரர், பேச்சும் சொந்தப் பேச்சு என்றால் விட்டுப்போக மனம் வராது.

கொரோனாவுக்கென்று தமிழக அரசு தற்காலிகமாக எடுத்த செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டது. அடுத்த தொற்றுக்குக் கூப்பிடும்போது அந்தத் தேதி யாருக்கும் மறந்திருக்காது.

செவிலியர் கண்காணிப்பாளர் கையிலும் சில உண்டு. லிஸ்ட்டை ஏழு நாள் முன்பே ஒட்டலாம். நைட் முடிந்தவருக்கு அன்றே மறு டியூட்டி போடாமலிருக்கலாம். மண் சரிந்தால் யார் தங்குவது, எங்கே படுப்பது, சாப்பாடு யார் தருவது என்பதையும் அதே தாளின் அடியில் எழுதிவிடலாம்.