என்ஜின்எக்ஸ் ஏன் முன்னால் நிற்க வேண்டும்?

ஜாங்கோ என்ற பைதான் கட்டமைப்பில் ஒரு தளம் எழுதியாயிற்று. குனிகார்ன் என்ற அப்ளிகேஷன் சர்வர் அதை 8000 என்ற போர்ட்டில் (கணினியின் எண்ணிட்ட வாசலில்) ஓட்டுகிறது. பிரவுசரில் அந்தப் போர்ட்டைத் திறந்தால் தளம் ஒழுங்காகவே வருகிறது. அப்புறம் எதற்கு அதற்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்று இன்னொரு சர்வர்?

எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்க இணைப்புக்கான 443 போர்ட், பாதுகாப்புச் சான்றிதழ், படங்களை வேகமாகக் கொடுப்பது என்று வழக்கமான பதில்கள் உண்டு. எல்லாம் சரிதான். ஆனால் எனக்கு முதன்மையாகப் படும் காரணம் வேறு: மெதுவான இணைப்பில் வருபவருக்காக யாராவது காத்திருக்க வேண்டும், அந்த வேலையை அப்ளிகேஷன் செய்யக் கூடாது.

குனிகார்னின் வழக்கமான வொர்க்கர் (பக்கத்தைத் தயாரிக்கும் புராசஸ், அதாவது ஓடும் நிரல்) ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். எத்தனை வொர்க்கர் வைப்பது? சிபியூவின் கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டு என்கிறது அதன் ஆவணம். 2 கோர் கணினியில் 5 வொர்க்கர். ஒரு பக்கத்தைத் தயாரிக்க 50 மில்லி நொடி என்றால், நொடிக்கு 100 பக்கம் தரலாம். இப்போது சிக்னல் மோசமான இடத்திலிருந்து ஒருவர் 800 கேபி புகைப்படம் ஏற்றுகிறார். வந்து சேர 20 நொடி ஆகிறது. அந்த 20 நொடியும் ஒரு வொர்க்கர் அவரிடமே மாட்டிக்கொள்கிறது. அப்படி 5 பேர் ஒரே சமயத்தில் வந்தால் தளம் எல்லோருக்கும் நின்றுவிடும். சிபியூவோ சும்மா கிடக்கும்!

இந்தச் சிக்கல் பழையது. ஒரே கணினி 10,000 இணைப்புகளை எப்படித் தாங்கும் என்று டான் கெகல் 1999-இல் எழுதினார். ரஷ்யாவின் ராம்ப்ளர் நிறுவனத்தில் இருந்த ஈகோர் சிசோயெவ் 2002-இல் என்ஜின்எக்ஸை எழுதத் தொடங்கி 2004-இல் வெளியிட்டார். இணைப்புக்கு ஒரு புராசஸ் என்று அது ஒதுக்குவதில்லை. எந்த இணைப்பில் புதிதாக ஏதாவது வந்திருக்கிறது என்று லினக்ஸ் கெர்னலின் ஈபோல் வசதியிடம் கேட்டு, அதை மட்டும் கவனிக்கிறது. அதனால் ஒரே புராசஸ் ஆயிரக்கணக்கான இணைப்புகளைப் பிடித்து வைத்திருக்க முடிகிறது. சும்மா இருக்கும் இணைப்புக்குக் கொஞ்சம் நினைவகம் போதும். புகைப்படம் முழுதாக வந்து சேர்ந்த பிறகுதான் அதைக் குனிகார்னிடம் தள்ளும். பதிலையும் வேகமாக வாங்கி வைத்துக்கொண்டு, வந்தவருடைய வேகத்தில் அனுப்பும். நம் வொர்க்கர் அதற்குள் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடும்.

அமைப்பது எளிது. என்ஜின்எக்ஸின் அமைப்புக் கோப்பில், எந்தப் பாதைக்கு என்ன செய்வது என்று சொல்லும் லொகேஷன் பகுதிக்குள் ப்ராக்ஸி பாஸ் (கோரிக்கையைப் பின்னால் தள்ளும் கட்டளை) என்று எழுதி http://127.0.0.1:8000 என்ற முகவரியைக் கொடுத்தால் போதும். 127.0.0.1 என்பது அதே கணினியைக் குறிக்கும். முகவரியின் கடைசியில் சாய்கோடு போடுகிறோமா என்பதில் மட்டும் கவனம் வேண்டும். லொகேஷன் /கடை/ என்றிருக்கும்போது சாய்கோடு போட்டால், /கடை/ என்ற பகுதி வெட்டப்பட்டுத்தான் அப்ளிகேஷனுக்குப் பாதை போகும். போடாவிட்டால் முழுப் பாதையும் அப்படியே போகும். எல்லாப் பக்கமும் 404 (பக்கம் இல்லை) என்றால் முதலில் இதைப் பாருங்கள். புகைப்படம் 1 எம்பியைத் தாண்டினால் 413 (அளவு மீறியது) என்ற பிழை வரும். என்ஜின்எக்ஸ் வைத்திருக்கும் இயல்பு வரம்பு அது.

இப்படி இடையில் ஒருவரை நிறுத்தும்போது அப்ளிகேஷனுக்கு வெளியுலகம் மறைந்துவிடுகிறது. வருபவர் எல்லோரும் 127.0.0.1 என்ற ஒரே முகவரியிலிருந்து வருவதாகத் தெரியும். தளத்தின் பெயர் தெரியாது. எச்டிடிபிஎஸ்-இல் வந்தார்களா என்றும் தெரியாது. எச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பிவிடச் சொல்லியிருந்தால், ஜாங்கோ அதையே திரும்பத் திரும்பச் செய்யும், பக்கம் திறக்காது. விட்டுப்போன இந்தத் தகவல்களைத்தான் ஹோஸ்ட், எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார், எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஆகிய ஹெடர்களில் (கோரிக்கையின் தலைப்பு வரிகளில்) வைத்து அனுப்புகிறோம்.

பலர் இந்த ஹெடர்களை அமைக்கும் வரிகளை எங்கிருந்தோ எடுத்து அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். இது ஆபத்தானது. எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரை வருபவரே பொய்யாகப் போட்டு அனுப்பலாம். வழக்கமாக ஒட்டப்படும் வரி, வந்த பொய்யை அழிக்காமல் அதன் பின்னால் உண்மை முகவரியைச் சேர்க்கிறது. அப்ளிகேஷன் முதல் முகவரியை நம்பினால் ஏமாந்தது. என்ஜின்எக்ஸ்தான் வெளியுலகைப் பார்க்கும் முதல் சர்வர் என்றால், வந்ததைத் தூக்கி எறிந்துவிட்டு உண்மை முகவரியை மட்டும் எழுதச் சொல்லுங்கள். குனிகார்ன் 127.0.0.1-இல் வரும் இணைப்புகளை மட்டும் ஏற்கட்டும். 8000 வெளியே திறந்திருந்தால் இந்தக் காவல் எதற்கும் உதவாது.

பிரவுசரில் வரும் பிழை 502 என்றால் பின்னால் ஆள் (குனிகார்ன்) இல்லை, அல்லது பாதியில் போய்விட்டார் என்று பொருள். 504 என்றால் ஆள் இருக்கிறார், பதில்தான் வரவில்லை. என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 நொடி பொறுக்கும். ஆனால் குனிகார்ன் 30 நொடியிலேயே அந்த வொர்க்கரை நிறுத்திவிடும் என்பதால், மெதுவான பக்கத்துக்கு நாம் எதிர்பார்க்கும் 504 வராமல் 502 அல்லது 500 (சர்வருக்குள் பிழை) வரலாம். உடனே இரண்டு நேர வரம்புகளையும் அதிகமாக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் 5 வொர்க்கர்களும் இன்னும் நெடுநேரம் அடைபட்டுக் கிடக்கும். அறிக்கை தயாரிப்பது, மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புவது போன்றவற்றைச் செலரி மாதிரியான பின்னணி வரிசைக்கு மாற்றிவிட்டு, வந்தவருக்கு உடனே பதில் சொல்வதே சரியான வழி.