சுழலும் இறக்கையில் நிலைக்கும் வண்ணம்

பழைய மின்விசிறிக்கு வீட்டிலேயே வண்ணம் பூசியவர்களில் பலர், சில மாதங்களிலேயே இறக்கையின் ஓரத்தில் பெயின்ட் செதில் செதிலாக உரிவதைக் கண்டு, விசிறி வேகமாகச் சுழல்வதால்தான் அது பிய்ந்துபோகிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். கணக்கு வேறுவிதமாகச் சொல்கிறது. 1,200 மில்லிமீட்டர் விட்டமுள்ள விசிறி நிமிடத்துக்கு 350 முறை சுழலும்போது, மையத்திலிருந்து அரை மீட்டர் தொலைவில் இருக்கும் எதுவும் தன் எடையைப்போல ஏறத்தாழ 68 மடங்கு விசையுடன் வெளிப்புறமாக இழுபடும். ஆனால், காய்ந்த பெயின்ட் படலம் 50 மைக்ரோமீட்டர் தடிமன் கொண்டது என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டர் படலத்தின் எடை 65 கிராம் அளவே இருக்கும். அதன்மீது சுழற்சி செலுத்தும் இழுவிசை சதுர மீட்டருக்குச் சுமார் 45 நியூட்டன். நன்றாக ஒட்டிய பெயின்ட்டைப் பிய்த்தெடுக்கவோ அதே பரப்பில் பத்து லட்சம் நியூட்டனுக்கு மேல் தேவை. ஆகவே காரணத்தைச் சுழற்சியில் அல்ல, பெயின்ட்டுக்கு அடியில் தேட வேண்டும்.

பெயின்ட் பெரும்பாலும் இறக்கையின் முன்விளிம்பில்தான், அதாவது சுழலும்போது காற்றை முதலில் வெட்டும் ஓரத்தில்தான், முதலில் உரிகிறது. தூசு மிகுதியாகப் படிவதும் அங்கேதான். முன்விளிம்பை எதிர்கொள்ளும் காற்று வளைந்து விலகிச் செல்கிறது, ஆனால் அதிலுள்ள தூசித்துகள்கள் அவ்வளவு விரைவாகத் திரும்ப முடியாமல் உலோகத்தின்மீது மோதிவிடுகின்றன. மோதிய தூசைக் காற்றே அடித்துச் செல்லாதா என்று கேட்கலாம். ஒரு பரப்பை ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றடுக்கு அந்தப் பரப்போடு சேர்ந்தே நகர்கிறது என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் லுட்விக் பிராண்டில் 1904இல் தம் எல்லைப்படலக் கொள்கையில் விளக்கினார். அந்த அடுக்குக்குள் அடங்கிவிட்ட நுண்துகளைப் பெயர்க்கும் அளவுக்கு அங்கே காற்று வீசுவதில்லை. இதனுடன் சமையல் புகையின் எண்ணெய்ப்பசையும் சேர்ந்தால், துணியால் துடைத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசுக்கு மிஞ்சும்.

அந்தப் பிசுக்குதான் உண்மையான எதிரி. ஒரு திரவம் ஒரு பரப்பில் பரவுமா, முத்தாகத் திரளுமா என்பது அப்பரப்பின் மூலக்கூறுகள் திரவத்தை எவ்வளவு வலுவாக ஈர்க்கின்றன என்பதைப் பொறுத்தது. எண்ணெயின் ஈர்ப்பு குறைவு. போதாததற்குப் பெயின்ட் உலோகத்தைப் பற்றாமல், நழுவும் அந்த எண்ணெயடுக்கின்மீதே அமர்ந்துவிடுகிறது. இதை அறிய எளிய சோதனை உண்டு: சோப்புநீரால் கழுவி, சோப்பு எஞ்சாமல் அலசிய இறக்கையின்மீது நீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். நீர் ஒரே விரிப்பாகப் படர்ந்தால் பரப்பு தூய்மையானது. திட்டுத்திட்டாகப் பிரிந்தால் பிசுக்கு இன்னும் போகவில்லை.

அடுத்தது உப்புத்தாள். பளபளப்பு மங்கும்வரை தேய்ப்பதால் நுண்ணிய கீறல்கள் உண்டாகி, ஒட்டுவதற்கான பரப்பு கூடுகிறது, பிடிமானமும் கிடைக்கிறது. பழைய பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால், தூள் பறக்காதபடி நனைத்துத் தேய்ப்பதே நல்லது. குழந்தைகள் உள்ள வீட்டில் இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். இறக்கை அலுமினியமானால், தேய்த்த சில நொடிகளிலேயே காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து பெயின்ட் எளிதில் பற்றாத மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிவிடும். அதனால்தான் உலோகம் வெளித்தெரியும் இடங்களில் அலுமினியத்துக்கென உள்ள பிரைமரை (அடிப்பூச்சை) முதலில் பூசுகிறார்கள்.

எனாமல் பெயின்ட் காய்வது இரண்டு கட்டங்களில் நடக்கிறது. முதலில் தின்னர் ஆவியாகிறது. சில மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத நிலை வந்துவிடும். அதன்பின் ஆக்சிஜன் மெல்ல உள்ளே ஊடுருவி, எண்ணெய் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்து வலையாக்குகிறது. இதற்குப் பல நாட்கள் ஆகும். கனமாகப் பூசினால் மேற்புறம் தோலாக இறுகி அடிப்புறம் பச்சையாகவே நின்றுவிடும் என்பதால், மெல்லிய இரண்டு பூச்சுகள் கனத்த ஒரு பூச்சைவிட மேலானவை. ஈரப் பெயின்ட்டைக் காயவைக்க விசிறியையே ஓடவிடுவது பெருந்தவறு: சுவரில் வழியச்செய்யும் புவியீர்ப்பைப்போலப் பல மடங்கு விசை அதை நுனியை நோக்கி ஓடச்செய்யும்.

மோட்டாரின் உறைக்கும் வண்ணம் பூசலாம். பெயின்ட் அடித்த பரப்பு, பளபளப்பான வெறும் அலுமினியத்தைவிட வெப்பத்தை நன்றாகவே கதிர்வீசும். காற்றுத்துளைகளையும் பேரிங்கையும் மட்டும் டேப் ஒட்டி மறைத்துவிட வேண்டும்.

நான் மிகவும் கவலைப்படுவது எடையைப் பற்றித்தான். இறக்கையின் இருபுறமும் ஒருமுறை பூசினால் காய்ந்த பின் எட்டு கிராம் அளவு கூடும். எல்லா இறக்கைகளிலும் ஒரே அளவில் கூடினால் தீங்கில்லை. ஒன்றின் நுனியருகே மட்டும் 10 கிராம் மிகுந்தால், முன்சொன்ன 68 மடங்குக் கணக்குப்படி, 680 கிராம் எடைக்கு நிகரான விசை நொடிக்கு ஏறத்தாழ ஆறு முறை திசை மாறி மாறித் தண்டை இழுக்கும். விசிறி ஆடுவது அதனால்தான். எனவே கழற்றும்போதே ஒவ்வோர் இறக்கைக்கும் அதன் இடத்துக்கும் எண்ணிட்டு, பூசுவதற்கு முன்னும் காய்ந்த பின்னும் சமையலறைத் தராசில் நிறுத்து, எடை குறைவாக ஏறிய இறக்கையின் மேற்புறத்தில் இன்னொரு மெல்லிய பூச்சு கொடுத்துச் சமன்செய்த பிறகே, அதனதன் இடத்தில் மாட்ட வேண்டும்.