கிளெமாட்டிஸ் ஆசையும் சென்னை வெயிலும்: கவாத்துக் கத்தரியை எடுக்கும் முன்

வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டில் கோடையைக் கழித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கொடி ஒன்று உண்டு. கைபேசியை நீட்டுவார்கள். நியூஜெர்சியிலோ லண்டன் புறநகரிலோ ஒரு மரவேலி. அதை மூடிக்கொண்டு உள்ளங்கை அகலத்தில் ஊதா நிறப் பூக்கள். “இது நம் மொட்டை மாடியில் வருமா?” என்பதுதான் கேள்வி. கொடியின் பெயர் கிளெமாட்டிஸ்.

மாடித்தோட்டமும் வீட்டுத்தோட்டமும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். கேட்டதை வாங்கிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் பெரிய பூ பூக்கும் கிளெமாட்டிஸ் சென்னையில் நிலைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலகில் ஏறத்தாழ 300 கிளெமாட்டிஸ் இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை வடகோளத்தின் மிதவெப்ப நாடுகளைச் சேர்ந்தவை. நாம் படத்தில் பார்த்து ஆசைப்படும் கலப்பினங்களுக்குக் குளிர்காலம் என்பது ஓய்வுக்காலம். இலை உதிர்த்து, சில மாதங்கள் உறங்கி, பிறகு துளிர்த்துப் பூக்கும் சுழற்சி அவற்றின் உடம்பிலேயே இருக்கிறது. சென்னையில் ஜனவரி இரவுகளின் சராசரிக் குறைந்த வெப்பநிலையே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. அந்தச் செடிக்கு உறக்கம் வர இது போதாது. மே மாதத்திலோ இரவின் சராசரியே 28 டிகிரியை ஒட்டி நிற்கும். பகல் வெயிலை நிழல்வலை கட்டி ஓரளவு தடுக்கலாம். இரவு முழுவதும் சுடும் கான்கிரீட் தளத்தை என்ன செய்வது?

எங்கிருந்தோ ஒரு தொட்டிச் செடி கிடைத்து, மார்கழியில் நட்டு, நான்கு தளிர் விட்டதும் “வந்துவிட்டது” என்று மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். சித்திரை பிறப்பதற்குள் இலை ஓரம் கருகும். வெயிலைத் தாண்டிப் பிழைத்தாலும் ஐப்பசி மழையில் வேர் அழுகிப்போகும். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர்; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. குளிர்ந்த, ஈரமான, ஆனால் நீர் வடியும் மண்ணில் வேர் இருக்க வேண்டும் என்று கேட்கும் செடிக்கு இந்த ஊர் இரண்டு பக்கமும் எதிராக நிற்கிறது.

இணையத்தில் விற்கும் “நீல கிளெமாட்டிஸ் விதை” பற்றி இதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கலப்பினக் கிளெமாட்டிஸை விதையிலிருந்து எடுத்தால் தாய்ச்செடியின் பூ அப்படியே வராது. அதனால்தான் அவற்றைத் தண்டுக் குச்சி, பதியன், ஒட்டு ஆகிய முறைகளில் பெருக்குகிறார்கள். பெரிய பூ வகைகளின் விதை முளைக்கவே மாதக்கணக்கில் ஆகும். சில வகைகளுக்கு ஓராண்டையும் தாண்டும். “பத்தே நாளில் முளைக்கும், ஐந்து நிறம் ஒரே பொட்டலத்தில்” என்று போட்டிருந்தால் அதில் இருப்பது வேறு ஏதோ விதை. அந்தப் பணத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது பெட்டிக்குள் குச்சி ஒடித்துக் கொண்டு வருவதும் வேண்டாம். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, வெளிநாட்டிலிருந்து செடி கொண்டுவர இறக்குமதி அனுமதியும் நோயற்றது என்ற சான்றிதழும் வேண்டும். ஒரு குச்சியோடு வரும் பூஞ்சையோ பூச்சியோ நம் பயிர்களில் ஏறிவிட்டால் பிறகு அதைத் திருப்பி அனுப்ப வழி இல்லை.

அதற்காக இந்தக் கொடியைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் விடக்கூடாது. உதகையிலோ கொடைக்கானலிலோ வீடு வைத்திருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே சிறுபூ பூக்கும் காட்டுக் கிளெமாட்டிஸ் இனங்கள் இயல்பாக வளர்கின்றன. மகள் வீட்டு வேலியில் நிற்கும் கொடிக்கு யோசனை கேட்டு எழுதுகிறவர்களும் பலர். அவர்களுக்காகச் சொல்கிறேன்.

நடும்போது தொட்டியில் இருந்த மட்டத்தைவிட ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் ஆழமாக நட வேண்டும். பெரிய பூ வகைகளை வாடல் நோய் தாக்கும். நேற்றுவரை செழித்து நின்ற தண்டு, மொட்டோடு சேர்ந்து திடீரென்று துவண்டு கறுத்துவிடும். ஒரு பூஞ்சைதான் காரணம். துவண்ட தண்டை நல்ல பகுதி தெரியும்வரை, தேவைப்பட்டால் தரை மட்டம்வரை, வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். மண்ணுக்குள் புதைந்திருக்கும் கணுக்களிலிருந்து கொடி மறுபடி துளிர்க்கும். ஆழமாக நடச் சொல்வது இதற்காகவே. செத்துவிட்டது என்று வேரோடு பிடுங்கி எறிய அவசரப்பட வேண்டாம்.

கிளெமாட்டிஸ் தன் இலைக்காம்பைச் சுற்றித்தான் ஏறுகிறது. காம்பு குட்டை என்பதால், தடித்த மூங்கிலையோ இரும்புக் குழாயையோ அதனால் பிடிக்க முடியாது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாத கம்பி, சணல் கயிறு, வலை இவையே பொருத்தம். வேர்ப்பகுதியில் நிழலும், மண்ணை மூடிவைக்கும் மூடாக்கும்; மேலே வெயில். நீலகிரி மண் அமிலத்தன்மை கொண்டது; மண் பரிசோதனை செய்து பார்த்து, அமிலத்தைக் குறைக்கும் டோலமைட் கல்தூள் சிறிது சேர்க்கலாம். இதன் சாறு தோலில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் வரும், வாயில் பட்டாலும் கெடுதல். எனவே வெட்டும்போது கையுறை வேண்டும்.

இனி கவாத்து, அதாவது தண்டுகளை வெட்டிச் சீர்செய்வது. கிளெமாட்டிஸ் வளர்க்கிறவர்களை அதிகம் குழப்புவதும், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். இந்தக் கொடிகளை மூன்று பிரிவாக வைத்திருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: பூ எந்தத் தண்டில் வருகிறது? இமயமலைப் பகுதியைச் சேர்ந்த மொன்டானா போன்ற முதல் பிரிவு, சென்ற ஆண்டு வளர்ந்த பழைய தண்டில் வசந்தத்திலேயே பூத்துவிடும். அதைப் பூ முடிந்த கையோடு வெட்ட வேண்டும். குளிர்காலக் கடைசியில் வெட்டினால் வரப்போகும் பூவையே வெட்டி எறிந்ததாகிவிடும். மூன்றாம் பிரிவு அதற்கு நேர் எதிர். இங்கிலாந்தின் வோக்கிங் ஊரில் 1858-இல் கலப்பினம் செய்யப்பட்ட ஜாக்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். வேலியை மூடும் அந்த ஊதாக் கொடி பெரும்பாலும் இதுவாகவோ இதன் உறவாகவோதான் இருக்கும். அந்த ஆண்டு வளரும் புதுத்தளிரில்தான் இது பூக்கும். குளிர் முடியும் நேரத்தில் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் விட்டு, கொழுத்த மொட்டு ஜோடி ஒன்றின் மேல் முழுவதும் வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் விட்டால் கீழே மொட்டைத் தண்டும் மேலே கூரை உயரத்தில் நான்கு பூவும் என்று நிற்கும். இரண்டாம் பிரிவு நடுவில் இருப்பது. நெல்லி மோசர் போன்ற பெரிய பூ வகைகள் பழைய தண்டில் முதல் பூப்பும், புதுத்தண்டில் பிறகு ஒரு சிறு பூப்பும் தரும். காய்ந்ததையும் நலிந்ததையும் மட்டும் எடுத்துவிட்டு, மற்றவற்றை மேலிருந்து வலுவான முதல் மொட்டு ஜோடிவரை குறைத்தால் போதும்.

பெயர் தெரியாத கொடி என்றால் ஓராண்டு வெட்டாமல் பார்த்திருக்கச் சொல்கிறேன். எந்தத் தண்டில் பூக்கிறது என்று கொடியே காட்டிவிடும்.

சென்னைவாசிகளுக்கு இவ்வளவு விரிவாக இதை எழுதக் காரணம் உண்டு. நம் வீட்டுக் கொடிகளையும் இதே கேள்விதான் ஆள்கிறது. நாம்தான் அதைக் கேட்பதில்லை. தோட்ட வேலைக்கு ஆள் வந்த அன்று வீட்டில் உள்ள எல்லாக் கொடிகளையும் ஒரே உயரத்துக்கு வெட்டிவிடச் சொல்லும் பழக்கம் இந்த ஊரில் பரவலாக இருக்கிறது. அது பாதிக் கொடிகளுக்கு மருந்து, மீதிக்குத் தண்டனை.

குண்டுமல்லியைப் பாருங்கள். புதுப் பக்கத்தளிரின் நுனியில் பூக்கிற செடி அது. அந்த வகையில் ஜாக்மனியின் கட்சி. நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்குக் கவாத்து செய்வது நம் மல்லிகை விவசாயிகளின் முறை. ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. சென்னையில் நவம்பர் கடைசியில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தால் இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். வெட்டுக்காயம் நனைந்துகொண்டே இருந்தால் நுனியிலிருந்து தண்டு காய்ந்து இறங்கும். வெட்டிய பிறகு தொழு உரமோ மண்புழு உரமோ, ஒரு கை வேப்பம் புண்ணாக்கோ இட்டுக் கிளறிவிட்டால் மாசி, பங்குனியில் மொட்டு நிறையும். பச்சையாக நிற்கும் செடியை வெட்ட மனம் வராமல் விட்டுவிடுகிற வீடுகளில்தான் “செடி பெரிதாக இருக்கிறது, பூவே இல்லை” என்ற புலம்பலைக் கேட்கிறேன்.

ரங்கூன் மல்லியும் புதுத்தளிரில் பூப்பதே. மாலையில் வெள்ளையாக மலர்ந்து, இளஞ்சிவப்பாகி, அடுத்த நாட்களில் சிவந்துவிடும் அந்தக் கொத்துகள் வேண்டுமென்றால் தை மாதத்தில் தயங்காமல் வெட்டலாம். காகிதப்பூவும் அப்படியே. ஆனால் மழைக்காலத்தில் அதன்மேல் கத்தரி படக்கூடாது. தண்ணீரைக் குறைத்தால்தான் அது நிறம் காட்டும்.

பெட்ரியா மட்டும் வேறு கட்சி. ஊதா வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் கொடி இது. உப்புத்தாள் போல் சொரசொரப்பான இலை; மாசி, பங்குனியில் நீண்ட சரங்களாக நட்சத்திர வடிவில் ஊதாப் பூக்கள். கருநீல நடுப்பூ சில நாளில் உதிர்ந்தாலும், வெளிர் ஊதாப் புல்லி இதழ்கள் வாரக்கணக்கில் கொடியிலேயே தங்கும். முதிர்ந்த தண்டில் பூப்பதால் இதை மல்லிகையோடு சேர்த்துக் கார்த்திகையில் வெட்டினால் அந்த ஆண்டின் பூ போய்விடும். பூத்து முடிந்ததும், சித்திரையில், வெட்டுங்கள். நட்ட முதல் ஓரிரு ஆண்டுகள் பூக்காமல் இருப்பது அதன் இயல்பு; கோபித்துக்கொண்டு பிடுங்கிவிடாதீர்கள்.

நடுகிற விஷயத்தில் வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்வதை அப்படியே இங்கே எடுக்கக்கூடாது. தண்டைப் புதைத்து ஆழமாக நடுவது கிளெமாட்டிஸுக்கு உயிர்காப்பு. அதையே காகிதப்பூவுக்குச் செய்தால், குறிப்பாக நகரின் மேற்குப் பக்கத்துக் களிமண்ணில், மழைக்காலத்தில் தண்டும் வேரும் சேரும் கழுத்துப்பகுதி அழுகும். தொட்டியில் இருந்த அதே மட்டத்தில், வேர்க்கட்டி உடையாமல் வையுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரத்து மணலில் நீர் நிற்காத கவலை. அங்கே மட்கிய தேங்காய் நார்க்கழிவும் தொழு உரமும் தாராளமாக வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் மழைநீரைச் சேமித்து அவ்வப்போது தொட்டி மண்ணை நன்றாக நனைத்து வடியவிடுங்கள். தேங்கிய உப்பு இறங்கும்.

வேருக்கு நிழல், தலைக்கு வெயில் என்ற விதி மட்டும் கடல் தாண்டியும் பொருந்துகிறது. கறுப்பு வளர்ப்புப் பையை மே மாதத்துத் தளத்தில் நேரடியாக வைத்தால் வேர் வெந்துவிடும். செங்கல் மேல் தூக்கி வையுங்கள், சாக்கு சுற்றுங்கள், முன்னால் கீரைத் தொட்டிகளை நிறுத்துங்கள், மேலே காய்ந்த இலையை மூடாக்காகப் போடுங்கள்.

புரட்டாசி முடிவதற்குள் பந்தலையும் கட்டுகளையும் சோதித்துவிட வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபோது நகரம் முழுவதும் மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தோம். இலை அடர்ந்த ஒரு கொடி காற்றைப் பிடித்துப் பந்தலையே இழுத்துச் செல்லும். மாடி விளிம்பில் தொங்கும் நீண்ட தளிர்களை அப்போது மட்டும், எந்தப் பிரிவானாலும், குறைத்துவிடுங்கள். கீழே நடப்பவர் தலை நம் பூவைவிட முக்கியம்.

கிளெமாட்டிஸைப் போலவே இலையால் பற்றி ஏறி, ஓய்வெடுத்து, மறுபடி எழும் கொடி ஒன்று நம்மிடமே இருக்கிறது: நம் மாநில மலரான செங்காந்தள். இலைநுனி சுருண்டு கம்பியைப் பிடிக்கும். மழை தொடங்கியதும் கிழங்கிலிருந்து எழும்பி, மஞ்சளும் சிவப்புமாகச் சுடர்விட்டு, பூ முடிந்ததும் கொடி முழுவதும் காய்ந்து கிழங்கு உறங்கிவிடும். உறக்கத்தில் தண்ணீர் ஊற்றினால் அழுகும். வெட்டவே தேவையில்லை, தானாகக் காய்ந்த பிறகு எடுத்துவிடலாம். கலப்பை வடிவக் கிழங்கின் முளைநுனி ஒடியாமல் நட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இதன் எல்லாப் பாகங்களிலும் கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கிழங்கும் விதையும் உயிரையே பறிக்கும். தவழும் குழந்தையோ நாயோ பூனையோ உள்ள வீட்டில் நான் இதை வைப்பதில்லை. வைக்கிறவர்கள், கொடி காய்ந்த பிறகு வெறும் மண்ணாகத் தெரியும் அந்தத் தொட்டியில் பெயரையும் நஞ்சு என்பதையும் எழுதிச் செருகுங்கள். கிழங்கை எடுத்து வைப்பதானால் சேனை, கருணை இருக்கும் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாமல், பூட்டிய அலமாரியில் வையுங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவரிடமும் அதைச் சொல்லி வையுங்கள்.