யாழினிகளும் முனியம்மாக்களும்

பிரதி திருத்துவது என் வேலை. நாவல், சிறுகதைத் தொகுப்பு, இப்போது அதிகமும் இணையத்தில் தொடராக வந்து புத்தகமாகும் கதைகள். கதை எந்த ஊரில் நடந்தாலும் முதல் அத்தியாயத்தில் அதே ஆட்கள்தான் வந்து நிற்கிறார்கள். நாயகி யாழினி, இல்லையென்றால் நிலா, ஆதிரா, இனியா. நாயகன் ஆதித்யா, கொஞ்சம் முரடன் என்றால் ருத்ரன். வீட்டு வேலை செய்கிறவர் முனியம்மா, கார் ஓட்டுகிறவர் மாரி, ரௌடி கபாலி. நண்பர் கூட்டத்தில் ஒரு முஸ்லிம் வேண்டுமே என்று ஒரு ரஹீம், ஒரு கிறிஸ்தவர் வேண்டுமே என்று ஒரு டேவிட். பெயர்ப்பட்டியலைப் பார்த்தே யாருக்குக் கல்யாணம், யாருக்குச் சாவு என்று சொல்லிவிடலாம்.

யாழினி நல்ல பெயர்தான். ஆனால் எழுதுகிறவர் தன் பிள்ளைக்கு வைக்க ஆசைப்பட்ட பெயரைக் கதாபாத்திரத்துக்குச் சூட்டிவிடுகிறார். அந்தப் பெண்ணுக்குப் பெயர் வைத்தது எழுத்தாளர் இல்லையே. அவளுடைய அப்பாவோ, அப்பாவைப் பேசவே விடாத பாட்டியோ, நட்சத்திரம் பார்த்து முதலெழுத்துச் சொன்ன ஜோசியரோ, ஏதோ ஒரு வருஷத்தில், ஏதோ ஓர் ஊரில் வைத்த பெயர் அது. அவர்கள் யார் என்று எழுத்தாளர் யோசிக்காத கதைகளில்தான் எல்லாரும் யாழினி ஆகிவிடுகிறார்கள்.

வருஷத்திலிருந்து தொடங்கலாம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது எழுபது, பெயர் கவின் என்று ஒரு பிரதி வந்தது. எழுபது வயது என்றால் 1950களில் பிறந்தவர். அந்த வயது வாத்தியார்களை நினைத்துப் பாருங்கள்: ராமலிங்கம், சுப்பிரமணியன், கோவிந்தராஜ். அப்பா திராவிட இயக்கத்துக்காரர் என்றால் இளங்கோவன், நெடுஞ்செழியன். பெண் என்றால் கலைச்செல்வி, தமிழ்ச்செல்வி. எழுபது, எண்பதுகளில் பிறந்தவர்கள் சுரேஷ், ரமேஷ், ராஜேஷ், மகேஷ். கீதா, லதா, சுதா, உஷா. ஒரே வகுப்பில் மூன்று சுரேஷ் இருந்து, இனிஷியல் சேர்த்துக் கூப்பிட்ட தலைமுறை அது. தொண்ணூறுகளில் கார்த்திக், விக்னேஷ், பிரியா, திவ்யா, சரண்யா. மகிழனும் ஆத்விக்கும் பெரும்பாலும் இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். நாற்பத்தைந்து வயது வங்கி மேலாளருக்கு யாழினி என்று பெயர் இருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. இருந்தால் அவள் அப்பா தமிழாசிரியராகவோ இயக்கத்தில் இருந்தவராகவோ இருந்திருப்பார். அந்த அப்பா கதையில் எங்கேயாவது தலைகாட்ட வேண்டும்.

சில பெயர்களில் தேதியே இருக்கிறது. 1932இல் சோவியத் நாட்டைப் பார்த்துவிட்டு வந்த பெரியார் ரஷ்யா, மாஸ்கோ என்றுகூடக் குழந்தைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார். வானதி, பூங்குழலி எல்லாம் 1950 முதல் 1954 வரை கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்த பிறகு வீடுகளுக்குள் நுழைந்த பெயர்கள். 1930இல் வேதாரண்யத்துக்கு உப்பு அள்ளப் போகும் கூட்டத்தில் இருபது வயது வானதி நடந்தால், விவரம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். சாதிப் பட்டத்துக்கும் ஒரு தேதி உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் பட்டங்களைத் துறப்பது என்று தீர்மானித்தார்கள். அதற்காக மறுநாளே எல்லாரும் விட்டுவிடவில்லை. 1940இல் ஒரே வீட்டில் அண்ணன் பெயருக்குப் பின்னால் முதலியார் இருக்கும், தம்பி பெயர் மொட்டையாக இருக்கும். அந்த இரண்டு கையெழுத்தும் ஒரே பத்திரத்தில் வந்தால் அண்ணன் தம்பிக்குள் என்ன நடந்தது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட இடங்களை எழுத்தாளர்கள் வீணடிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

அப்புறம் ஊர். நம் ஆட்களின் பெயரில் பாதி உள்ளூர்ச் சாமியுடையது. திருவண்ணாமலைப் பக்கம் அண்ணாமலை, உண்ணாமலை. திருச்செங்கோட்டில் அர்த்தநாரி, சென்னிமலையில் சென்னியப்பன், நாகப்பட்டினத்தில் நீலாயதாட்சி, சங்கரன்கோவிலில் கோமதி, சுசீந்திரத்தில் தாணுமாலயன். நெல்லைப் பக்கம் இசக்கியும் சுடலைமுத்துவும் பேச்சியம்மாளும். உசிலம்பட்டிப் பக்கம் ஒச்சு. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயிலும் பாரதக் கூத்தும் உண்டு. தர்மராஜன், அர்ச்சுனன், திரௌபதி என்று பெயர் வைப்பது அங்கே சகஜம். கோவில்பட்டிக் கரிசல் காட்டுக் கிழவிக்கு உண்ணாமலை என்று பெயர் வைத்தால், அவள் எங்கிருந்து வாக்கப்பட்டு வந்தாள் என்று வாசகர் கேட்பார். பதில் இருந்தால் நல்லது.

கிறிஸ்தவப் பெயர்களில்தான் பிரதிகள் அதிகம் சறுக்குகின்றன. தென்மாவட்டக் கதை ஒன்றில் தாத்தா பெயர் சவரிமுத்து. ஞாயிற்றுக்கிழமை அவர் போவது சி.எஸ்.ஐ. சர்ச், அதாவது சீர்திருத்தச் சபையான தென்னிந்தியத் திருச்சபை. சவரிமுத்து புனித சவேரியாரின் பெயர், கத்தோலிக்கர் வீட்டுப் பெயர். சூசை, சந்தியாகு, லூர்து, அந்தோணி, ராயப்பன், சின்னப்பன், அருளப்பன் எல்லாம் அந்தப் பக்கம். சி.எஸ்.ஐ. தாத்தா என்றால் ஜெபமணி, சாமுவேல், தேவசிகாமணி என்று ஏதாவது இருக்கும். கத்தோலிக்கர் ராயப்பர், சின்னப்பர் என்று சொன்ன அதே புனிதர்களைச் சீர்திருத்தச் சபையினர் பேதுரு, பவுல் என்றார்கள். தூத்துக்குடிக் கடற்கரையில் இன்னொரு அடுக்கும் உண்டு: 1530களில் போர்த்துக்கீசியரிடம் ஞானஸ்நானம் வாங்கியபோது வந்த பர்னாந்து, மச்சாடோ, மிராண்டா போன்ற குடும்பப் பெயர்கள். இத்தனையும் இருக்கும்போது எதற்கு எப்போதும் டேவிட்? ரஹீமும் அப்படித்தான். நாகூர்ப் பக்கம் சாகுல் ஹமீது, நாகூர் மீரான். தக்கலையில் பீர் முகம்மது. தர்காவில் நேர்ந்துகொண்டு வைத்த பெயர்கள். அப்துல் காதரை வீட்டில் காதர் என்றுதான் கூப்பிடுவார்கள். கதைக்குள் அவருடைய அம்மாவே "அப்துல், சாப்பிட வா" என்று கூப்பிட்டால், எழுதியவர் அந்த வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை என்று தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னது கவனக்குறைவு. முனியம்மா, கபாலி விஷயம் அதற்கும் மேலே. கபாலி மயிலாப்பூர் சாமியின் பெயர். அந்த வட்டாரத்து உழைப்பாளிகள் பக்தியோடு தம் பிள்ளைகளுக்கு வைத்தது. சினிமாவும் மாத நாவலும் சேர்ந்து அதைக் கோடு போட்ட பனியனும் கன்னத்து மச்சமுமாக ஆக்கிவிட்டன. மாயாண்டி, பக்கிரி கதியும் அதுதான். எழுத்தாளர்களிடம் ஒரு சோதனை செய்யச் சொல்வேன்: முதலாளியம்மா பெயரையும் வேலைக்கார அம்மா பெயரையும் இடம் மாற்றி ஒரு பக்கம் படியுங்கள். சிரிப்பு வந்தால், அந்தச் சிரிப்பில் ஒரு சாதிக் கணக்கு இருக்கிறது. உயர்சாதிக்காரர்கள் வைத்துக்கொள்ளும் பெயரை ஒடுக்கப்பட்டவர்கள் வைக்கக் கூடாது என்று தடுத்த ஊர்கள் இங்கே இருந்தன. அந்தத் தடையை இன்று கதைக்குள் நாம் கூலி வாங்காமல் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறோம். நிஜத்தில் இன்று சென்னையில் வீட்டு வேலைக்குப் போகும் முப்பத்தைந்து வயதுப் பெண் கவிதாவாகவோ ரேவதியாகவோ இருப்பார். அவர் மகள் ஹரிணி.

சரி, பெயர் பொருத்தமாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாக்கியத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தீர்களா? தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. நாயகன் பெயர் அன்பு என்றால், "அன்பு இல்லாத வீட்டில் அவளுக்கு இருக்கப் பிடிக்கவில்லை" என்ற வாக்கியத்தை எப்படிப் படிப்பது? வெற்றி, நிலா, மலர், இனியன் எல்லாமே இந்த வேலையைக் காட்டும். பெயரை மாற்றலாம் என்று ஒருவர் முடிவெடுத்துக் கணினியில் மதி வரும் இடமெல்லாம் நிலா என்று ஒரேயடியாக மாற்றி அனுப்பினார். பிரதி முழுக்க "அனுநிலா கேட்டாள்", "நிம்நிலாயாகத் தூங்கினான்." மணி என்ற பெயரைக் குமார் ஆக்கிய இன்னொரு பிரதியில் ஆறு குமார்க்குப் பால்காரர் வந்தார்.

உருபு சேரும்போது நாக்கு தடுக்குகிறதா என்றும் பாருங்கள். ஒரு நாவலில் நாயகன் பெயர் ஆயிரம் தடவைக்கு மேல் வரும். பெரும்பாலும் ஐ, ஆல், கு, இன் என்று ஏதோ ஒன்றை ஒட்டிக்கொண்டு வரும். முருகனை, முருகனுக்கு, முருகனோடு என்று வழுக்கிக்கொண்டு போகிறது. ஷ்ரேயஸ்ஸை, ஹர்ஷுக்கு, ரித்விக்கின் என்று நானூறு பக்கம் படிக்கும் வாசகரை நினைத்துப் பாருங்கள், வாய்விட்டுப் படிக்கும் ஒலிப்புத்தகக்காரரையும் சேர்த்து. அதேபோல் மாலா, மாலதி, மாதவி, மாதவன் நால்வரையும் ஒரே வீட்டில் குடிவைக்காதீர்கள். வேகமாகப் படிக்கும் கண் முதலெழுத்தையும் பெயரின் நீளத்தையும்தான் பிடித்துக்கொள்கிறது. நிஜக் குடும்பங்களில் அப்படி வைப்பார்கள் என்பது உண்மைதான். அந்த வீட்டுக்குப் போனால் நமக்கு முகம் தெரியும்.

இன்னொன்று, நம் வீடுகளில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே குறைவு. தம்பி, பாப்பா, பெரியவனே, ஏங்க, என்னங்க, மாமா, அத்தாச்சி. ஒரு தலைமுறைக்கு முன்னால் புருஷன் பெயரையோ மாமனார் பெயரையோ பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைத்துவிடுவார்கள். மருமகளால் அதைச் சொல்லித் திட்டக்கூட முடியாது. அதனால் பையனுக்கு ராசு, சின்னராசு என்று ஒரு வீட்டுப் பெயர் வந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பெயர் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடும். இரண்டு பெயர், இரண்டு உலகம். யார் எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்பதைக் கொண்டே உறவைக் காட்டிவிடலாம். இப்போது வரும் பிரதிகளிலோ புருஷனும் பெண்டாட்டியும் தனி அறையில் உட்கார்ந்து வரிக்கு வரி "இல்லை ஆதித்யா", "கேள் யாழினி" என்கிறார்கள். டப்பிங் படம் பார்த்த விளைவு என்று நினைக்கிறேன். அடித்து அடித்து என் பேனா மை தீர்கிறது.

சரித்திரக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒன்று. சோழர் காலத்துப் பெண்கள் எல்லாரும் மதிவதனி, கயல்விழி இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் நானூறு ஆடல் பெண்களைக் குடியேற்றிய கல்வெட்டு இருக்கிறது. ஒவ்வொருத்தி பெயரும், அவள் வந்த ஊரும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும், ஆளுக்கு நூறு கலம் நெல் என்பதும் வரிசையாக இருக்கும். நக்கன் சேரமங்கை, நக்கன் சோழகுலசுந்தரி, நக்கன் எடுத்தபாதம் என்று போகிறது. எடுத்தபாதம்! ஆடும் சிவன் தூக்கிய காலை ஒரு பெண்ணுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். எந்தக் கற்பனையிலிருந்து இது வரும்? தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது, இணையத்திலும் கிடைக்கிறது.

நம் காலத்துக் கதைக்கு வாக்காளர் பட்டியலைவிட நல்ல இடம் இல்லை. ஊர், தெரு, பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வயது. அறுபது வயதுக்காரர்களை மட்டும் வரிசையாகப் படித்தாலே அந்த ஊர்ப் பெயர்களின் வாடை பிடிபட்டுவிடும். பெயர் மாற்றிக்கொள்கிறவர்கள் தமிழ்நாடு அரசிதழில் கொடுக்கும் அறிவிப்புகளும் சுவையானவை. பழைய பெயர், புதுப் பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம் எல்லாம் இருக்கும். போதும்பொண்ணு என்று பிறந்தவள் இருபது வயதில் என்னவாக மாற விரும்புகிறாள் என்பதே ஒரு கதைக்குக் காணும். கோயிலில் டியூப் லைட் உபயம் செய்தவர் பெயர், கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' பகுதி, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எதையும் விடாதீர்கள்.

எடுக்கும்போது பெயரை மட்டும் எடுங்கள். இனிஷியல், ஊர், தொழில் மூன்றையும் சேர்த்து அப்படியே தூக்கிவந்தால் வம்பு. பெயரைக் கற்பனையாக வைத்தாலும் வம்பு வரலாம். இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை ஆர்ட்டெமஸ் ஜோன்ஸ் என்று ஒரு கற்பனை ஆளை உருவாக்கி, மனைவியல்லாத பெண்ணோடு பிரான்சில் சுற்றுவதாக எழுதியது. அதே பெயரில் நிஜமாகவே ஒரு வழக்கறிஞர் இருந்தார். வழக்குப் போட்டு 1,750 பவுண்டு வாங்கினார். 1909இல், அன்று அங்கே உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபையும் அதை உறுதிசெய்தது. தெரியாமல் எழுதினோம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. ஆகவே லஞ்சம் வாங்கும் தாசில்தார், பெண்களிடம் தப்பாக நடக்கும் டாக்டர், கோயில் நகையைத் திருடும் தர்மகர்த்தா, இவர்களுக்குப் பெயர் வைத்த கையோடு, அதே ஊரில் அதே வேலையில் அதே பெயரில் யாராவது இருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் இனிஷியலை மாற்றினால் போதாது. ஊரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பெயரையே மாற்றுங்கள்.