எட்டு வட்டிக்கு ஆசைப்பட்ட தேசம்

போன மாதம் ஒரு பெரியவர் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது வந்த பணத்தில் எங்கள் கிளையில் ஆறு லட்சம் எஃப்டி போட்டிருந்தார். அதை முறிக்க வேண்டும் என்றார்.

"என்னங்கய்யா, ஆஸ்பத்திரிச் செலவு ஏதாவதா?"

"இல்லைங்க சார். ஒரு கம்பெனியில எட்டு வட்டி தர்றாங்க. என் மச்சினனுக்கு நாலு மாசமா தேதி தவறாம வருது."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ரசீது ஒன்றை எடுத்துப் பிரித்தார். மச்சினனுடையது. வழவழப்பான தாள், ஓரத்தில் தங்க நிறக் கோடு. கம்பெனி பெயர், தொகை, ஒரு கைப்பேசி எண். பதிவு எண்ணைத் தேடினேன், எந்த மூலையிலும் இல்லை.

எட்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் எட்டு ரூபாய். வட்டியை எடுக்காமல் விட்டால் ஒரு லட்சம் ஒரே வருஷத்தில் இரண்டரை லட்சமாகிவிடும். வங்கியில் 26 வருஷமாக டெபாசிட்டும் கடனும் பார்த்துவிட்டேன். இந்த எட்டைக் கேட்டாலே எனக்கு அல்பேனியா ஞாபகம் வரும். 1996-இல் அந்த நாட்டில் ஊர் ஊராக எட்டு வட்டிக்குப் பணம் போட்டார்கள்.

இத்தாலிக்கு எதிர்க்கரையில், கிரீஸை ஒட்டி இருக்கும் சின்ன நாடு அது. சுமார் 45 வருஷம் கம்யூனிஸ்ட் ஆட்சி. வெளிநாட்டுக் கடன் வாங்கக் கூடாது என்று 1976 அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் கதவு திறந்தது. நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், கடைகள் தனியார் கைக்கு வந்தன. கிரீஸுக்கும் இத்தாலிக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். சரி, கைக்கு வந்த பணத்தை எங்கே போடுவது? அதற்குத்தான் யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

நாட்டின் டெபாசிட்டில் 90 சதவீதத்துக்கும் மேல் மூன்று அரசு வங்கிகளில் இருந்தது. அந்த வங்கிகளில் வாராக்கடன் குவிந்து கிடந்ததால், கடன் கொடுக்க மத்திய வங்கி உச்சவரம்பு வைத்தது. புதிதாகக் கடை போட்டவருக்கு வங்கியில் கடன் கிடைக்கவில்லை, வெளியில் வாங்கினார். அப்படித்தான் வட்டிக்குப் பணம் வாங்கும் கம்பெனிகள் வளர்ந்தன. வேஃபா, கம்பேரி போன்றவற்றுக்குக் கண்ணுக்குத் தெரியும் தொழில்களும் இருந்தன. சூட்யா, ஜஃபேரி, போப்புல்லி ஆகியவற்றுக்கு அதுவும் கிடையாது. பின்னால் வருபவர் பணத்தை எடுத்து முன்னால் வந்தவருக்கு வட்டி கொடுப்பதுதான் அவர்கள் செய்த தொழில்.

1996 தொடக்கத்தில் நாலு, ஐந்து வட்டி. வருஷத்தின் நடுவில் எட்டு. ஜூலையில் கம்பேரி பத்து என்றது. செப்டம்பரில் போப்புல்லி முப்பதைத் தாண்டியது. நவம்பரில் ஜஃபேரி மூன்று மாதத்தில் பணத்தை மும்மடங்காக்குவதாகச் சொன்னது. உடனே சூட்யா இரண்டே மாதத்தில் இரட்டிப்பு என்றது. ஒரு வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்று 81 மடங்கு, இன்னொன்று 64 மடங்கு.

எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். வட்டியை ஏற்றிக்கொண்டே போகிறவன் லாபத்தில் இல்லை, பழைய வட்டி கட்டப் புதுப் பணம் தேடுகிறான்.

மக்களுக்கு அது அப்படித் தெரியவில்லை. ஜஃபேரியும் போப்புல்லியும் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் பேரிடம் பணம் வாங்கின. நாட்டின் மக்கள் தொகையே 35 லட்சத்துக்குள்தான். வீட்டை விற்றுப் போட்டார்கள். கிராமத்துக்காரர்கள் ஆட்டையும் மாட்டையும் ஓட்டிவந்து விற்றுப் போட்டார்கள். அந்த இலையுதிர் காலத்தில் தலைநகர் டிரானாவில் கசாப்புக்கூட வாடை அடித்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பால் கறந்த மாடு ரசீதாக மாறியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும்.

நம்பிக்கையை வளர்க்கவும் ஆள் பிடித்தார்கள். 1978 கால்பந்து உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்காகக் கோல் அடித்துக் குவித்த மரியோ கெம்பஸை, ஜஃபேரி கம்பெனியின் முதலாளி லூஷ்ன்யா என்ற சிற்றூரின் அணிக்குப் பயிற்சியாளராக அழைத்து வந்தார். உலக சாம்பியனே வந்துவிட்டார், இனி என்ன சந்தேகம்?

அரசாங்கம் என்ன செய்தது? 1996 பிப்ரவரியில் வந்த வங்கிச் சட்டப்படி, அனுமதியில்லாமல் டெபாசிட் வாங்கும் நிறுவனத்தை மூட மத்திய வங்கிக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் அதற்கு அரசின் ஆதரவு கிடைக்கவில்லை. கம்பெனிகள் வாங்குவது டெபாசிட் இல்லை, சிவில் சட்டப்படியான கடன் என்று ஒரு வாதம் ஓடியது. அப்படியானால் கண்காணிக்க வேண்டியவர் யார்? அந்தக் கேள்விக்கே பதில் இல்லை. பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் எச்சரித்தன. விசாரிக்க ஒரு குழு போட்டார்கள், அது ஒருமுறைகூடக் கூடவில்லை. மே மாதத் தேர்தலில் ஆளுங்கட்சிக்குச் சில கம்பெனிகள் துணை நின்றிருந்தன.

நவம்பர் 19-ஆம் தேதி சூட்யாவால் பணம் கொடுக்க முடியவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகச் சரிந்தன. 1997 மார்ச்சில் அரசாங்கமே பதவி விலகியது. ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டன, சுமார் 2,000 பேர் இறந்தார்கள். ஏப்ரலில் இத்தாலி தலைமையில் பன்னாட்டுப் படை வந்து இறங்க வேண்டியிருந்தது. உச்சத்தில் இந்தக் கம்பெனிகள் கொடுக்க வேண்டியிருந்த தொகை நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய பாதி.

பேராசை பிடித்த ஜனங்கள் என்று இதைச் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ருமேனியாவின் க்ளூஜ் நகரில் காரிதாஸ் கம்பெனி பணத்தை எட்டு மடங்காக்கித் தருவதாகச் சொல்லி 1994-இல் கவிழ்ந்தது. அதே வருஷம் ரஷ்யாவில் எம்எம்எம் என்ற கம்பெனி கவிழ்ந்தது. மூன்று நாடுகளிலும் சந்தை முதலில் வந்தது, காவலாளி பிறகுதான் வந்தார். வங்கி வட்டிக்கும் மோசடிக்கும் வித்தியாசம் சொல்லித்தர அங்கே யார் இருந்தார்கள்? வங்கி மூழ்கினாலும் போட்டவர் பணத்துக்குப் பாதுகாப்பு தரும் டெபாசிட் காப்பீடு அல்பேனியாவில் வந்ததே 2002-இல்தான். பெரிய அரசு சேமிப்பு வங்கி ஆஸ்திரியாவின் ரைஃபைசன் வங்கிக்குக் கை மாறியது 2004-இல்.

நம்மிடம் காவலாளி இருக்கிறார். அதனால் அவரைக் கேட்காமல் பணம் போடாதீர்கள். டெபாசிட் வாங்க அந்த நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் வங்கியின் சசேத் இணையதளத்தில் பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. அல்பேனியா எரிந்த அதே 1997-இல்தான் தமிழ்நாட்டில் டான்பிட் என்ற டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஏமாற்றிய நிதி நிறுவனத்தின் சொத்தை முடக்க அதில் வழி உண்டு. ஆனால் முடக்கும்போது மிச்சம் என்ன இருக்கும் என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் பெரியவரிடம் ஒரு தம்ளர் டீ ஆறும் வரை சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த ஊர்ல போட்டவங்களுக்குத் திரும்ப வந்துச்சா சார்?"

முடக்கிய கணக்குகளில் இருந்ததைப் பிரித்துக் கொடுத்தார்கள், பலருக்குப் போட்டதில் ஒரு பங்குதான் கிடைத்தது என்றேன். "உங்க மச்சினனை ஒரு காரியம் செய்யச் சொல்லுங்க. வட்டி வருதான்னு பார்க்க வேண்டாம். அசலைக் கேட்கச் சொல்லுங்க."

அங்கேயே கைப்பேசியை எடுத்தார். "மாப்ள, நாளைக்கு முதல் வேலையா ஆபீஸுக்குப் போய் அசலைக் கேளு. முழுசா." அந்தப் பக்கம் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். பெரியவர் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அப்புறம் எஃப்டி முறிக்கும் படிவத்தை என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"பதினெட்டு மாசத்துக்கு அசலைத் தொடக் கூடாதாம் சார். போடும்போதே கையெழுத்து வாங்கிட்டாங்களாம்."